645 என்ற அளப்பு

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் புரட்டும் பொது அறிவுப் புத்தகங்களில் வெகுகாலம் ஒரு கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைக் கொண்ட சொல் எது? விடை ‘செட்’. வினைச்சொல்லாகவே அதன் பொருள்கள் நானூறைத் தாண்டும். கின்னஸ் புத்தகமே சாட்சி. 2011இல் அந்த நாற்காலியில் ‘ரன்’ வந்து உட்கார்ந்தது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் என்றது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு. கிரிக்கெட்டில் எடுக்கிற ரன் இதில் சேராது. அது பெயர்ச்சொல், தனிக் கணக்கு. எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் இதை நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுத, அங்கிருந்து அந்த எண் ஊர் சுற்றக் கிளம்பியது.

இன்றைக்கு அது வாட்ஸ்அப்பில் வருகிறது, மேடைப் பேச்சில் வருகிறது, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் வருகிறது. தனியாகவும் வருவதில்லை, இரண்டு முடிவுகளைக் கையோடு அழைத்து வருகிறது. ஒரே சொல்லுக்குள் இத்தனை பொருளை அடக்கிய ஆங்கிலத்தின் வளத்துக்கு ஈடே கிடையாது என்பது ஒன்று. இத்தனையையும் மனப்பாடம் செய்யாதவருக்கு ஆங்கிலம் கைவராது, பட்டியல் எங்களிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டு மலைக்கிறவர்தான் இரண்டாவதற்குப் பணம் கட்டுகிறார்.

645 என்ற எண்ணில் பொய் இல்லை. அதை எண்ணியவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர்; அந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியவர். ஆனால் அவர் எண்ணியது வேறு, ஊர் சொல்லிக்கொண்டு திரிவது வேறு.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி எப்படிப்பட்ட புத்தகம் என்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. மேசைமேல் வைத்துப் புரட்டும் ஒற்றைப் பாக அகராதியை நினைத்துக்கொண்டு பலர் இந்த எண்ணைப் பேசுகிறார்கள். இது அந்த வகை இல்லை. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த யோசனை. 1879இல் ஜேம்ஸ் மர்ரே பொறுப்பேற்று, 1884இல் முதல் பகுதி அச்சாகி, அவர் இறந்து 13 ஆண்டு கழித்து 1928இல் முடிந்த வேலை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 பாகம். ஒரு சொல் பிறந்த நாளிலிருந்து எந்தெந்த நூற்றாண்டில் எப்படியெப்படி வழங்கியது என்று தேதியிட்ட மேற்கோள்களோடு பதிவு செய்யும் வரலாற்று அகராதி அது. வழக்கொழிந்த பொருளை அது நீக்குவதில்லை. பக்கத்தில் சிலுவை போன்ற ஒரு குறியைப் போட்டு அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த 645இல் இன்று உயிரோடிருக்கும் எந்த ஆங்கிலேயரும் வாயெடுத்துச் சொல்லாத பொருள்களும் உண்டு, மாலுமிகளும் சுரங்கக்காரர்களும் மட்டும் அறிந்தவையும் உண்டு. ஒரு மொழியின் ஆயிரம் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப்போட்டு, அதை இன்றைக்குப் பேசுகிறவர் நாக்கில் இருக்கிற கையிருப்பு என்று சொன்னால் எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, முதலிடம் கைமாறிய கதை. 1989 பதிப்பு வரை செட்தான் ராஜா. பிறகு 2000இல் மேக், 2007இல் புட், 2011இல் ரன். ஆங்கிலம் பேசுவோர் ஏழாண்டில் ‘செய்’வதிலிருந்து ‘வை’ப்பதற்குத் தாவி, இன்னும் நான்காண்டில் ‘ஓட’த் தொடங்கிவிட்டார்களா? காரணம் அவ்வளவு பெரிதில்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தை ஆசிரியர் குழு ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கியது. பழைய அகராதியின் தொடக்க எழுத்துகளில் செய்முறை இன்னும் படியாமல் இருந்ததால், கை பழகிய பிறகு எழுதப்பட்ட நடுப்பகுதியை முதலில் எடுத்துக்கொண்டார்கள். எம் வரிசையில் மேக் வந்தது, பி வரிசையில் புட் வந்தது, ஆர் வரிசையில் ரன் வந்தது. எந்தக் கோப்பு மேசைக்கு வந்ததோ அது பெருத்தது. பழைய பதிப்பு எழுதியவர்களுக்கு அஞ்சலில் வந்த மேற்கோள் சீட்டுகள்தான் சான்று. புதிய பதிப்புக்காரர்களுக்குக் கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் தேடிப் பார்க்கும் வசதி கிடைத்தது. சான்று பெருகினால் பிரிவும் பெருகும். செட் தோற்றுப்போகவில்லை, ஆர் வரிசை முடிந்த அன்று எஸ் வரிசையின் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னோர் அகராதியைத் திறந்தால் ராஜாவே மாறிவிடுகிறார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியம் இன்றைய ஆங்கிலத்துக்கானது. கணினி மொழியியலாளர் கைவசம் எப்போதும் இருப்பது. அதன் கணக்கில் ரன் என்ற வினைக்கு 41 பொருள். பிரேக் என்ற வினைக்கு 59. 645 எங்கே, 41 எங்கே? இரண்டும் ஒரே மொழி, ஒரே சொல். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தில் டேக் என்ற வினையைத் திருத்தி எழுதிய கோரி ஸ்டாம்பர், அதற்கு ஒரு மாதம் பிடித்ததைத் தன் புத்தகத்தில் புலம்பலாகவே எழுதியிருக்கிறார். சின்னச் சொற்கள்தாம் அகராதியாளரை வாட்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்தது. ஒளிச்சேர்க்கை மாதிரியான சொல்லை மாலைக்குள் முடித்துவிடலாம்.

வாட்டுவதற்குக் காரணம், ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு மொழியில் எல்லைக்கல் எதுவும் நடப்பட்டிருக்கவில்லை. ஆறு ரன் ஆகிறது. குழாயும் ரன் ஆகிறது. சளி பிடித்தவரின் மூக்கும், கண்ணீரும், துவைத்த சேலையின் சாயமும், வெயிலில் வெண்ணெயும் ஆங்கிலத்தில் ரன்தான். இது ஒரு பொருளா, ஆறா? திரவம் வழிகிறது என்று ஒரே வரியில் முடிக்கலாம். ஆறு தானே ஓடுகிறது, குழாயோ நின்ற இடத்தில் நின்றுகொண்டு நீரைத்தான் ஓடவிடுகிறது, ஆகவே இவை வேறு என்று பிரிக்கலாம். சாயம் தன் இடத்தைவிட்டுப் பரவுகிறது, அது மூன்றாவது என்றும் சொல்லலாம். எந்த முடிவும் தவறில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பிரிக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பயன்பாடும் எந்த ஆண்டு முதன்முதலாக எழுத்தில் வந்தது என்று காட்டுவது அதன் கடமை. ஒரே வயலைத் தாலுகா அலுவலகத்தில் எத்தனை உட்பிரிவு எண்ணாகப் பிரித்தாலும் விளைகிற நெல் கூடுவதில்லை.

பிரிவே கிடையாது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் முடியாது. தர்க்கமும் மொழியியலும் படித்தவர்கள் வைத்திருக்கிற பழைய சோதனை ஒன்று உண்டு: இரண்டு பயன்பாட்டை ஒரே வினையில் கட்டிப் பார்ப்பது. தமிழில் செய்து பார்க்கலாம். ‘கிணற்று மோட்டாரும் கூரையில் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன’ என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ‘பகலில் பேருந்தையும் இரவில் பொழுதையும் ஓட்டினார்’ என்றால் கேட்பவர் சிரிக்கிறார். சிரிப்பு வந்த இடத்தில்தான் பொருள் உண்மையிலேயே இரண்டு. ஆங்கிலத்திலும் ஒருவர் ஒரு மாரத்தானையும் ஓர் ஓட்டலையும் ரன் செய்தார் என்றால் நகைச்சுவை ஆகிவிடும். துப்பாக்கி கடத்துவதும் குளியல் தொட்டியை நிரப்புவதும் நிச்சயம் வேறுவேறு. ஆனால் இந்தச் சோதனையில் தேறி நிற்கிற பிரிவுகள் சில பத்துகள் இருக்கும், நூற்றுக்கணக்கில் தேறாது.

இந்தச் சந்தேகம் வெளியாள் கிளப்பியது இல்லை. ஆதம் கில்கரிஃப் என்ற பிரிட்டிஷ் கணினி மொழியியலாளர் 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சொற்களுக்குத் தனித்தனிப் பொருள்கள் இருப்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்பதே அதன் தலைப்பு. அந்த வாசகம் சூ ஆட்கின்ஸ் சொன்னது. அவரோ வாழ்நாளெல்லாம் அகராதி தொகுத்தவர். அதற்கு எட்டாண்டு முன்பு அமெரிக்காவில் சார்லஸ் ரூல், ‘பேர்’ (தாங்கு, சும) போன்ற சாதாரண வினைகளின் ஏராளமான உதாரணங்களைப் பரப்பிவைத்து, எல்லாவற்றுக்கும் அடியில் மிகப் பொதுவான ஒரே பொருள்தான் உண்டு, மீதியைச் சூழல் தருகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். ரூல் கொஞ்சம் அதிகமாகவே போகிறார். துப்பாக்கிக் கடத்தலை எந்தச் சூழலும் தானாகத் தந்துவிடாது. ஆனாலும் 645 என்பவர்களைவிட அவர் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

கணினிக்காரர்கள் இதைக் காசு செலவழித்தே கற்றுக்கொண்டார்கள். வாக்கியத்தில் வருகிற ஒரு வினைக்கு வேர்ட்நெட் தரும் பொருள்களில் எது பொருந்தும் என்று குறித்துத்தரப் பயிற்சி பெற்றவர்களை உட்காரவைத்தால், ஒருவர் குறித்தது இன்னொருவர் குறித்ததோடு ஒத்துப்போகவில்லை. ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பிறகு வந்த ஆன்டோநோட்ஸ் என்ற திட்டம், குறிப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது ஒத்துப்போகும் அளவுக்குப் பொருள்களைச் சேர்த்துக் குறைப்பதையே விதியாக வைத்துக்கொண்டது. வெறும் 41 பிரிவிலேயே படித்தவர்கள் தடுமாறுகிறார்கள் என்றால், 645 யாருடைய தலைக்குள் இருக்கிறது?

இத்தனை பிரிவு சேர்ந்ததற்கு ஆங்கில இலக்கணமும் ஒரு காரணம். வளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரயில் ஓடினாலும் ஆங்கிலத்தில் ரன், ரயிலை ஒருவர் ஓட்டினாலும் ரன். தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம். தமிழ் இரண்டையும் உடலிலேயே வேறுபடுத்திவிடுகிறது: ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, உருள், உருட்டு. தமிழ் அகராதியில் இவை இரண்டு தலைச்சொற்கள், இரண்டு பதிவுகள். ஆங்கிலத்தில் இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே அறையில். அதன் மேல் ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’, ‘டவுன்’ என்ற குட்டிச் சொற்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ரன் அவுட் என்றால் கையிருப்பு தீர்வது, ரன் ஓவர் என்றால் வண்டியை ஏற்றிவிடுவது, ரன் இன்டு என்றால் எதிர்பாராமல் சந்திப்பது அல்லது மோதுவது, ரன் டவுன் என்றால் தேடிப் பிடிப்பது, இழித்துப் பேசுவது. இவற்றையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ரன் என்ற தலைச்சொல்லின் கீழேயே அடுக்குகிறது. தமிழ் இதற்கெல்லாம் தீர், ஏற்று, மோது, துரத்து, தூற்று என்று வேறுவேறு வினைகளை வைத்திருக்கிறது. ஒரு மொழி ஒரே வினையில் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிற வேலையை இன்னொன்று தனித்தனி வினைகளால் செய்தால், எது வளமானது? பஞ்சாயத்துக்கு விட்டால் தீர்ப்பு இரண்டு பக்கமும் சொல்லலாம்.

வின்செஸ்டர் இந்த எண்ணுக்கு ஒரு விளக்கமும் தந்தார். செட், புட் எல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிற சொற்கள். ரன் நம் பரபரப்பான காலத்துக்கு ஏற்ற சொல். தொழிற்புரட்சியில் இயந்திரமும் ரயிலும் வந்ததும் அதன் காட்டில் மழை பெய்தது என்கிற ரீதியில் போகிறது அந்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. பேராசிரியரையும் பைத்தியக்காரரையும் வைத்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கதையை உலகமே படிக்கும்படி எழுதியவர் அவர். கதை சொல்வதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இயந்திரம் ஆங்கிலேயருக்கு மட்டும் வரவில்லை. ஜெர்மானியருக்கும் வந்தது, அங்கே இயந்திரம் ‘லாவ்ஃபென்’ செய்கிறது, அதாவது ஓடுகிறது. தெற்கு ஜெர்மனியில் அதே சொல்லுக்குச் சாவகாசமாக நடப்பது என்றும் பொருள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் வந்தது, அவர்கள் மொழியில் இயந்திரம் ‘மார்ஷே’ செய்கிறது, நடக்கிறது. அதே நீராவி, அதே சக்கரம், ஓரிடத்தில் ஓட்டம், ஓரிடத்தில் நடை. காலத்தின் பரபரப்பு வினைச்சொல்லில் இறங்குவது உண்மையானால் பாரிஸ் ரயில்கள் தாமதமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

ரன்னின் வயதும் இந்த விளக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பழைய ஆங்கிலத்திலேயே இந்த வினை நீருக்கும் வழங்கியது. அதன் ஜெர்மன் உடன்பிறப்பான ‘ரின்னென்’ இன்றைக்கும் கசிந்து வழிவதைத்தான் குறிக்கிறது. கால்களுக்கு அதில் இடமில்லை. கால் ஓட்டம்தான் மூலம், மற்றவை பின்னால் முளைத்த உருவகம் என்று எண்ணுவதற்கே ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது. நீராவி எஞ்சினுக்காக அந்தச் சொல் காத்திருக்கவில்லை.

தமிழிலும் இதே வினை ரயிலுக்கு முன்பே ஆற்றுக்கும் ரத்தத்துக்கும் காலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த கடிகாரத்தையும் மில்லையும் பம்ப்செட்டையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. தியேட்டரில் படம் 100 நாள் ஓடுகிறது. அந்த 100 நாளும் படம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. யாரும் இதை வைத்துத் தமிழர் அவசரக்காரர்கள் என்று கட்டுரை எழுதியதில்லை.

இந்த இடத்தில் தமிழ்ப் பற்றாளர் ஒருவர் எழுந்து, ரன்னுக்கு 645 என்றால் எங்கள் ‘போடு’வுக்கு எத்தனை தெரியுமா என்று கேட்பார். கோலம் போடுவது, சோறு போடுவது, சண்டை போடுவது, சட்டை போடுவது, ஓட்டுப் போடுவது, ஆளையே போடுவது என்று அடுக்குவார். ‘அடி’யும் ‘எடு’வும் அவருக்குத் துணை நிற்கும். அவர் சொல்கிற உதாரணம் ஒவ்வொன்றும் சரி. எடுக்கிற முடிவு அதே தவறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தபோது அது இலக்கிய வழக்கையும் சேர்த்துக்கொண்டது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய எழுத்து வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரே வினை இரண்டிலும் இரண்டு விதமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டோடு மோதுவது? எந்த மொழியிலும் அதிகம் புழங்குகிற வினைகள் இப்படித்தான் கிளைக்கும். வினை சின்னதாகவும் பொதுவாகவும் இருக்கவே, பக்கத்தில் வருகிற பெயர்ச்சொல் அதற்கு உருவம் கொடுக்கிறது. சோறும் சண்டையும் சேர்ந்துதான் போடுவை இரண்டாக்குகின்றன.

இங்கேதான் பட்டியல் வியாபாரிகளுக்கான மறுப்பும் இருக்கிறது. ரன் என்றால் ஓடு, நடத்து, இயக்கு, வழி, போட்டியிடு, கடத்து என்று நெட்டுரு போடுகிற மாணவர், காய்ச்சலைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார். டெம்பரேச்சரும் ரன்னும் சேரும் என்பது அந்தப் பட்டியலில் வராது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார், நாமும் நிற்கிறோம். லண்டனில் படிக்கப் போகிறவருக்கு ‘போட்டியிடு’ என்ற பொருள் தெரிந்திருந்தும் வாக்கியம் ஊருக்குப் பொருந்தாமல் போகும். கற்க வேண்டியது எந்தப் பெயர்ச்சொல் இந்த வினையை அழைக்கிறது, எந்த ஊரில் அழைக்கிறது என்பதுதான். அதில் அடிக்கடி வருகிற சில பத்து இணைகள் தெரிந்தால் செய்தித்தாள் படிக்கலாம், அலுவலகத்தில் பேசலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஆக்ஸ்ஃபோர்டு வரை போக வேண்டியதும் இல்லை. வங்காளத்தில் கல்வி அதிகாரியாக இருந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், இந்தியப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்தே தன் பாடமுறையை உருவாக்கினார். 1953இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள்தாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று விழுக்காடு போட்டுக் காட்டியிருந்தார். அரிதாக வருகிற பொருளை ஆசிரியர் தயங்காமல் விட்டுவிடலாம். பிறகு பர்மிங்காமில் ஜான் சின்கிளேர் கணினியில் உரைகளைத் திரட்டி, 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தார். நாம் முதலில் நினைக்கிற பொருள் பெரும்பாலும் அதிகம் வருகிற பொருளாக இருப்பதில்லை என்பது அவர் காட்டியது. ‘பேக்’ என்றதும் முதுகு நினைவுக்கு வருகிறது. உரைகளில் மிகுதியாக வருவதோ திரும்பி வருவதையும் திருப்பித் தருவதையும் சொல்கிற பேக். எதை முதலில் கற்பிப்பது என்று தீர்மானிக்க வேண்டிய ஆசிரியருக்கு இந்த இருவருடைய வேலையும் பல ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 645ஐச் சுவரொட்டியில் போடுகிற வகுப்புகள் வெஸ்ட்டின் விழுக்காட்டைப் போடுவதில்லை. இருபது இணைகளோடு பாடம் முடிந்துவிட்டால் மூன்று மாதக் கட்டணத்துக்கு என்ன கணக்குக் காட்டுவது?